உண்டு, இல்லை

வல்மியேராவில் நவம்பர் வந்தால்
நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.
ஸர்மீதே கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டு
எக்ஸ்ரே துப்பாக்கியை எடுக்கிறாள்.
மேசையில் முள்ளெலி வடிவில் ஓர் இரவு விளக்கு,
வயிறு திறந்து கிடக்கிறது.
இன்னும் நாலாயிரத்து இருநூறு
கிட்டங்கியில், அட்டைப் பெட்டிக்குள்.
வெள்ளிக்கிழமை லாரி.

பற்றவைப்பில் வெள்ளீயம், வெள்ளி, கொஞ்சம் செம்பு.
சரி.
பிளாஸ்டிக் முட்களில் புரோமின் தட்டவில்லை.
சரி.
சிவப்பு வயரின் தோலில்
முப்பது நொடி யோசிக்கிறது கருவி.
பிறகு சொல்கிறது:
காரீயம், பத்து லட்சத்தில்
ஆயிரத்து நூற்று நாற்பது.

வரம்பு ஆயிரம்.

துடைத்துவிட்டு மறுபடியும்: ஆயிரத்து நூற்று அறுபது.
வேறு சுருளிலிருந்து ஒரு துண்டு: ஆயிரத்து நூற்றுப் பத்து.
கருவியின் பிழையைக் கழித்துப் பார்த்தாலும்
கோட்டுக்கு இந்தப் பக்கம் வர மறுக்கிறது.

வயர் விற்றவனின் சான்றிதழைத் தேடி எடுக்கிறாள்.
காரீயம், இல்லை. பாதரசம், இல்லை. காட்மியம், இல்லை.
பத்துக் கட்டத்திலும் ஒரே கையெழுத்தில்
இல்லை இல்லை இல்லை,
கீழே முத்திரை,
சோதனை நடந்ததாகச் சொல்லும் தேதி
ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஐவார்ஸ் வருகிறான். முதலாளி.
கெட்டவன் இல்லை, கடன்காரன்.
"முழு விளக்கையும் அரைத்துத் தூளாக்கி அளந்து பார்,
ஈயம் இருந்த இடம் தெரியாது" என்கிறான்.
உண்மைதான்.
ஆனால் சட்டம் சராசரியை நம்புவதில்லை.
தோலை உரி என்கிறது,
செம்பு வேறு, தோல் வேறு,
பிரிக்க முடிந்ததையெல்லாம் பிரித்துவிட்டு
ஒவ்வொன்றையும் தனியே கூப்பிட்டுக் கேள் என்கிறது.
குழந்தை சராசரியைக் கடிப்பதில்லை,
வயரைத்தான் கடிக்கும்.
இதை அவள் சொல்லவில்லை.
அவன் வீட்டிலும் பல் முளைக்கிற ஒருத்தி இருக்கிறாள்.

அவன் போனபின், சும்மா ஒரு கோபத்தில்,
அடிப்பக்கத்துப் பித்தளைத் திருகாணியை அளக்கிறாள்.
முப்பத்தோராயிரம்.
அது தேறிவிடும்.
செம்புக் கலவைக்கு நூற்றுக்கு நான்கு வரை விலக்கு,
பின்னிணைப்பில் வரி எண்ணோடு போட்டிருக்கிறது.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை
என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு.
அது அவளுக்குத் தெரிய வழியில்லை.
வயிற்றுக்குள்ளேயே ஈயத்தை வைத்துக்கொண்டு இளிக்கும்
அந்தப் பித்தளையைப் பார்த்து
இவளும் இளித்தாள், சத்தமாக,
யாருமில்லாத ஆய்வகத்தில்.

வெள்ளிக்கிழமை லாரி வெறுமனே திரும்பிப் போனது.

ஒன்பது இரவு.
ஸர்மீதே, ஐவார்ஸ், அவன் மைத்துனன், கிட்டங்கிக்காரர்கள் இருவர்.
முள்ளெலியைப் புரட்டு, திற, சிவப்பை அறு,
அளந்து பார்த்த நீலத்தைப் பற்றவை, மூடு.
கட்டைவிரலில் கொப்புளத்தோடு ஐவார்ஸ்
ஒரு முறை கேட்டான், கருவி பழுதாக இருக்குமோ என்று.
யாரும் நிமிரவில்லை.

கடைசியில் மிஞ்சியது
மூடி போட்ட பீப்பாயில் பதினோரு கிலோ சிவப்பு.
அபாயக் கழிவு வண்டிக்காரன் ஒரு படிவத்தை நீட்டினான்.
அதிலும் கட்டங்கள்.
குளிரில் எழுதாத பேனாவை உதறி உதறி
காரீயத்துக்கு நேரே அவள் எழுதினாள்:
உண்டு.

எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டாள்.
அவன் கௌயா ஆற்றுப் பாலத்துக்கு அப்பால்
பொதுவாகக் கையைக் காட்டினான்.