என்ன சாப்பிட்டாய்

ஈசல்மியில் ஒரு பள்ளி வகுப்பறை.
பலகைக்குக் கீழே பதினேழு மெத்தைகள்.
நான் கோல்கீப்பர், ஆகவே கதவோரம்.
இடுப்பில் பம்ப், சோப்புக்கட்டி அளவு.
தூக்கத்தில் அதன் குழாய் விரலைச் சுற்றிக்கொள்ளும்.

மாலை ஆட்டம் பெனால்டிக்குப் போனது.
நான்கு பக்குகளை நிறுத்தினேன்.
ஐந்தாவது, முழங்கால்களுக்கு நடுவே,
வீட்டுக்குள் நுழையும் பூனை மாதிரி
அவ்வளவு மெதுவாக.
வியர்த்த கையுறையைக் கழற்றியதும்
அப்பாவின் செய்தி:
பதினான்கு புள்ளி இரண்டு, அம்பு மேலே,
என்ன சாப்பிட்டாய்?

ஒரு கோல், என்று எழுதினேன்.

புரிந்திருக்காது.
காயானி பக்கம் எங்கோ
பனி ஒதுக்கும் வண்டியில் இருக்கிறார்.
முன்கண்ணாடிக்குக் கீழே போன், போனில் நான்.
நான் என்றால் ஓர் எண், ஓர் அம்பு.
பயமும் சர்க்கரையை ஏற்றும் என்று
நர்ஸ் சைமி இரண்டு முறை சொல்லியாயிற்று.
அப்பா ரொட்டியைத்தான் சந்தேகிப்பார்.

கழிப்பறையைப் பூட்டிக்கொண்டு பம்பை அழுத்தினேன்.
உடம்பில் இன்னும் இன்சுலின் இருக்கிறது,
உறுதியா? என்று கேட்டது.
கோபத்துக்கு எப்போதுமே உறுதிதான்.
கூடுதலாக இரண்டு யூனிட்:
ஒன்று எனக்கு,
ஒன்று அந்த ஏழாம் எண் சட்டைக்காரிக்கு.

மூன்று மணிக்கு அலறியது.
பம்ப் தானாகவே நிறுத்தியிருந்தது,
ஆனால் உள்ளே போனது போனதுதான்.
மூன்று புள்ளி ஒன்று.
பனியன் முழுக்க ஈரம். நாக்கு வேறு யாருடையதோ.
ஜூஸ் டப்பாவின் ஓட்டையில்
உறிஞ்சுகுழலைச் செருக முடியாமல்
நான்கு முறை தவறவிட்டேன்.
"இருக்கியா?" என்றாள் வில்யா,
கண்ணைத் திறக்காமல்.
"இருக்கேன்."
"சரி." புரண்டு படுத்துக்கொண்டாள்.

போனில் அப்பா எழுதுகிறார்: மூன்று புள்ளிகள்.
நின்றன.
மறுபடி துடித்தன. நின்றன.
எண்பது கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு வண்டி ஓரம்கட்டியிருக்கும்,
அதன் மஞ்சள் விளக்கு
காலிச் சாலையைச் சுற்றிச் சுற்றித் தடவும்.
அவர் கேட்கவில்லை.
கேட்காமலிருக்க அவர் படும் பாட்டைப்
பார்த்துக்கொண்டே குடித்து முடித்தேன்.

பதினைந்து நிமிடம்.
எண் அவருக்கும் போயிருக்கும், தெரியும்.
இருந்தாலும் நானே அனுப்பினேன்:
நாலு புள்ளி ஆறு. புளூபெர்ரி ஜூஸ்.

உடனே பதில்:
இங்கே இன்னும் கொட்டுகிறது.

வண்டி நகர்ந்திருக்கும்.