லேண்ட்மாஸ்டர்

பதினொரு கொக்குகள் போதும்.
சம்மாந்துறை வயலில் உழவு முடிந்த கையோடு
வந்து இறங்கும்,
ஒவ்வொன்றும் தன் இடம் தெரிந்ததுபோல.
வாய்க்கால் கட்டில் நான்.
கையில், கம்பில் செருகிய யோகட் கோப்பை.

"மிட் ஓனில் நிற்பவர் தலையைச் சரித்து
நிலத்தைப் பார்க்கிறார்.
பந்து அவரை நோக்கி வருகிறது,
இல்லை, அது பந்தல்ல, தவளை,
பிடித்துவிட்டார்!"

ஒரு எழுத்தும் தடுக்காது.
நரம்பில்லாத நாக்கு என்பார்களே,
எனக்கு அது கொக்குகளுக்கு முன்னால் மட்டும்தான்.

வகுப்பில் வேறு கதை.
கல்விப் பணிப்பாளர் வந்த நாளில்
எழுந்து பெயரைச் சொல்லச் சொன்னார்கள்.
து, என்றேன்.
து. து. து. து.
பின்வாங்கிலில் இருந்து சர்ஜூன்:
"ஸேர், லேண்ட்மாஸ்டர் ஸ்டார்ட் ஆகுது."
பணிப்பாளரும் சிரித்தார்.
பிறகு பத்து வருடம் எனக்கு வேறு பெயரில்லை.

'நான் யாராக வருவேன்' கட்டுரையில்
றேடியோவில் கிரிக்கட் சொல்பவன் என்று எழுதினேன்.
எழுத்தில் நான் திக்குவதில்லை.
வாப்பா முழுதும் வாசித்தார். மடித்துத் தந்தார்.
"கொமர்ஸ் படி மனே," என்றார், கோபமில்லாமல்.
கோபமில்லாததுதான் கொஞ்சம் குத்தியது.

இருபத்திரண்டு வயதில் கொழும்பில் நேர்முகம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
"முதலில் உங்கள் பெயர்" என்றார்.
வேறு எதைக் கேட்டிருந்தாலும்.
கடிதம் வரும் என்றார்கள்.
வரவில்லை.
தபாலில் தவறியிருக்கும் என்பதே
இன்றுவரை என் முடிவு.

இப்போது கல்முனை பஸ் நிலையம்.
முன்னர் அறிவித்தவர் கத்தாருக்குப் போக,
ஒரு வாரத்துக்கென்று மைக்கைத் தந்தார்கள்.
ஒன்பது வருடம்.

"காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை,
அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று,
தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி,
பொத்துவில் பஸ் இரண்டாம் தரிப்பிடத்தில்.
சாரதி தேநீரின் கடைசி மிடறில் இருக்கிறார்.
பயணிகள் மத்தியில் பரபரப்பு."

இரண்டு முறைப்பாடுகள் என்மேல் உண்டு.
பஸ்ஸைத் தவறவிட்டவர்களும்
கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

ஊர்ப் பெயர்கள் எனக்குத் தடுக்காது,
அடுத்தவர் பெயர்களும்.
கைவிட்டுப்போன பிள்ளை, மறந்த பை,
மிச்சக் காசு வாங்காமல் இறங்கிய கல்லாற்று அம்மா,
எல்லாரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவேன்.

நேற்று கொழும்பு பஸ்ஸில் ஒரு பார்சல்.
புதுக் கண்டக்டர், என்னை அறியாதவன்,
"ஆளைக் கூப்பிடுங்க காக்கா"
நீட்டிவிட்டு ஓடினான்.
பார்சலில் என் பெயர்.
மைக்குக்குப் போட நானே வரவழைத்த பஞ்சு உறை.

எடுத்து லாச்சிக்குள் வைத்திருக்கலாம்.
ஏன் வைக்கவில்லை என்று இப்போதும் தெரியாது.
மைக் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"கொழும்பிலிருந்து ஒரு பார்சல்.
உரியவர், து"

முதல் பந்து. மட்டையில் படவில்லை.
து.
இரண்டாவதும் அப்படியே.
வடை விற்கும் பொடியன் நிமிர்ந்தான்.
மூன்று. நான்கு.
மட்டக்களப்பு பஸ்ஸின் ஜன்னல்கள் நிறைய முகம்.
யாரோ சிரித்தது ஒலிபெருக்கியை மீறிக் கேட்டது.
ஐந்து.
எனக்கு அவசரமே இல்லை என்று
அப்போதுதான் கண்டேன்.
ஹேண்டிலை விடாமல் சுற்றினால்
லேண்ட்மாஸ்டர் ஏதோ ஒரு சுற்றில் பிடிக்கும்,
சம்மாந்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆறாவது பந்து.

துபைல்.

முழுதாக, இரண்டு ஒலிபெருக்கியிலும்,
பஸார் தாண்டி.

யாரும் கைதட்டவில்லை.
பார்சலுக்கு யாரும் வரவும் இல்லை.
"உரியவர் வந்துவிட்டார்," என்றேன்.
"அடுத்து, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை…"

மூட்டை முடிச்சோடு சனம் எழுந்து
அங்குமிங்கும் நகர்ந்தது.
ஓவர் முடிந்தது.
கொக்குகள் இடம் மாறி நின்றன.