முப்பத்தேழு பாகை

சம்மாந்துறையில் மார்கழி.
ஆய்வுகூட யன்னலுக்கு அப்பால் வயல் முழுக்கத் தண்ணீர்.
இந்த ஈரத்தில் ஐசோசயனேற்றுக்குப் பொறுமை இல்லை:
ஆமணக்கெண்ணெயிடம் போகவேண்டியது
வழியில் நீரைக் கண்டு அதோடு கூடி
நுரைத்துவிடும்.
முதல் மூன்று வார்ப்பும் ஆப்பம் மாதிரிப் பொத்தல்.

நாலாவது தெளிந்தது.
வெளிர் மஞ்சள், நகத்தளவு துண்டுகள்,
இழுத்தால் நீளும், விட்டால் யோசித்துத் திரும்பும்.
வயிறு கழுவ மூக்கைப் பொத்திக் குடித்தோமே,
அதே எண்ணெய்.
தீப்புண்ணின் மேல் இருக்கவேண்டிய தோல் இது,
சொந்தத் தோல் வந்து சேரும் மட்டும்.
பிறகு போய்விட வேண்டும்.
போவதற்குத்தான் இத்தனை பாடு.

பதினெட்டுக் குப்பி, உப்புக்கரைசல்,
அடைகாப்புப் பெட்டியில் முப்பத்தேழு பாகை.
வியாழன் தோறும் எடுப்பேன்.
ஒற்றி நிறுத்தால் பாரம் கூடியிருக்கும், தண்ணீர் குடித்திருக்கிறது.
உலர்த்தி நிறுத்தால் ஒரு மயிரளவு குறைந்திருக்கும்.
ஐந்தாம் கிழமை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.
"எஸ்டர்தான் முதலில் கைவிடும், முனாஸிறா,
யூரிதேன் லேசில் விடாது"
என்றா இன்ஷிறா மேடம்,
தராசைப் பார்த்தபடி.

ஒன்பதாம் கிழமை கரண்ட் போனது.
மல்வத்தைப் பக்கம் மரம் விழுந்து வயர் அறுந்ததாம்.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
பெட்டியின் எண் இறங்கியது,
முப்பத்தாறு, முப்பத்திநாலு,
பிறகு நான் பார்க்கவில்லை.

குப்பிகளைத் துணியில் வரிசையாகச் சுற்றி
அபாயாவுக்குள் வயிற்றோடு கட்டினேன்.
வீரமுனைச் சுகிர்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு
சுவர் மணிக்கூட்டோடு இருந்தான்.
மூச்சு விட்டால் கண்ணாடி கண்ணாடியில் தட்டும்.
இருமலை அடக்கினேன்.
உடம்புக்கென்று செய்த பொருள்,
ஒரு உடம்பில் சாய்ந்திருந்தது,
இடையில் ஒரு மில்லிமீற்றர் கண்ணாடி.
"எவ்வளவு?" என்றான், திரும்பாமலே.
"முப்பத்தைந்து தசம் எட்டு."
"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நல்லம்" என்றான்.

மழை விட்டு, தவளை தொடங்கி,
இரவு ஒன்பதரைக்குத்தான் விளக்கு வந்தது.

நோட்டில் "வெப்ப மூலம்" என்று ஒரு கட்டம் உண்டு.
"மாற்று ஏற்பாடு" என்று எழுதினேன்.
மேடம் பென்சிலால் கீழே கோடிட்டுக் கேட்டா:
"என்ன ஏற்பாடு?"
சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா, வெகுநேரம்.
பிறகு தன் கையால் எழுதினா:
விலகல். ஆறு மணி இருபது நிமிடம். உடல் வெப்பம்.

வரைபில் அந்தக் கிழமைக்கு
உள்ளீடற்ற ஒரு வட்டம் மட்டும்.
கோடு அதைத் தொடாமல் போகிறது.

இன்று பதின்மூன்றாம் கிழமை.
பதினாறாம் இலக்கத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.
ஓரத்தில், எலி கரும்பை நறுக்கியதுபோல்,
சின்னச் சின்னக் குழி.
சுகிர்தனைக் கூப்பிட்டேன்.
அவன் டீசல் வாங்கப் போயிருந்தான்.