வர்க்கிப் பெட்டி எழுத்து

என்னிடம் ஒரு தூரிகை எழுத்துரு.
ழகர வால் ஈரம் காயாததுபோல் நெளியும்.
குன்னூரில் பாதிப் பலகைகள் அதில்தான்:
விடுதி, சாக்லேட், தைலப் புட்டி,
மே மாதக் கல்யாணங்கள்.

நேற்று செசிலி அக்கா
ஸ்வெட்டர் பையிலிருந்து
மடித்த வர்க்கிப் பெட்டி ஒன்றை எடுத்து விரித்தார்.
"இதே எழுத்துல போடு."

அஞ்சலிக்கு இது கொஞ்சம் ஆடுமே என்று
தடித்த நேரெழுத்தைக் காட்டினேன்.
"யாரோ தாசில்தார் செத்த மாதிரி இருக்கு.
பெட்டிக்கு இதுதான்னு
ரெண்டு நாள் உன் கடையிலேயே கிடந்தாரே."

கிடந்தார்.
டீ ஆறியது, ஒரு வளைவையும் விடவில்லை.

போட்டேன்.
அஞ்சலியின் மேல்சுழி நீண்டு
படத்தில் அவர் குல்லாவைத் தொட்டது.
நகர்த்தப் போனேன்.
"இருக்கட்டும்" என்றார்
நகத்தில் மாவோடு.