கத்திக்கு லீவு

அரிவாள்மனை நெற்றியில் பொட்டோடு
சாமி படத்தடியில் படுத்திருக்கிறது.
கூடவே அரம், இடுக்கி, ஊதுகுழல்,
கொலுசுக்குப் பூ அடிக்கும் அச்சு,
மிதுலாவின் காம்பஸ் பெட்டி,
சின்னவன் ஆசைப்பட்டு வைத்த பல் துலக்கும் பிரஷ்.
சந்தனம் காய்ந்து வெடிக்கிறது.
விடியும்வரை எதையும் தொடக்கூடாது.

சூரமங்கலம் சந்தையில் இரண்டு காய் வாங்கினோம்.
வெள்ளைப் பூசணி அவருக்கு,
தெருமுனையில் போட்டு உடைக்க.
அரசாணிக்காய் எனக்கு, பொரியலுக்கு.

போன வருஷம் எவர் வீட்டுத் திருஷ்டியோ
குங்குமமும் விதையுமாய் ரோட்டில் கிடந்தது.
சிவதாபுரம் திருப்பத்தில் என் வண்டி
அதன்மேல் ஏறியது, நான் அதன்மேல் விழுந்தேன்.
முட்டியில் ஏழு தையல்.
கொலுசு மூட்டை மட்டும் மடியில் பத்திரமாய் இருந்தது.

"இந்த வருஷம் உடைக்கக் கூடாது" என்றேன்.
"பட்டறைக்குக் கண்ணு படுமே" என்றார் செங்கோடன்.
"ஓடாத பட்டறைக்கு எவன் கண்ணு படும்?"
கேட்ட பிறகுதான்
கேட்டிருக்க வேண்டாமென்று தோன்றியது.

மிதுலாதான் சமாதானத்துக்கு வந்தாள்.
எங்கோ பார்த்திருக்கிறாள்:
காயைக் குடைந்து, கண் திறந்து,
உள்ளே விளக்கு வைத்தால்
பேய்கூட யோசித்துத்தான் வருமாம்.
சரி, குடையலாம்.
எதை வைத்து?

நான்கு பேரும் சாமி படத்தைப் பார்த்தோம்.
பிறகு ஒருவரையொருவர்.

அரசாணித் தோல் லேசில் விடாது.
கரண்டிக் காம்பு வளைந்தது.
வீட்டுச் சாவி வழுக்கியது.
கடைசியில் அவர் காயைத் தூக்கிக்கொண்டு
துணி துவைக்கும் கல்லுக்குப் போய்
காம்புப் பக்கமாய் ஒரு தட்டுத் தட்டினார்.
மூடி கோணலாய்ப் பெயர்ந்து வந்தது.
"உடைச்சாச்சு" என்றார்,
"ரோட்டுல இல்லையே."

அப்புறம் ஆளுக்கொரு வேலை.
அகரன் கை மட்டும்தான் உள்ளே போனது.
முழங்கைவரை நாரும் விதையுமாய் எடுத்துப்
பழைய தினசரியில் அப்பினான்.
நான் பாயசக் கரண்டியால் உட்சுவரைச் சுரண்டினேன்.
மிதுலா கரித்துண்டால் முகம் வரைந்தாள்.
அவர் ஒரு பழைய ஐந்து ரூபாயை,
அந்தத் தடித்த நாணயத்தை,
கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி
ஒரு கண்ணைத் திறந்தார்.

தினமும் இருநூறு சலங்கை பற்றவைக்கிற கை.
கடுகளவு பொடி சிந்தினாலும் பதறுகிற கை.
இன்றைக்குக் கோட்டைத் தாண்டிப் போனது,
போகட்டும் என்று போனது.
இடக்கண் வாசல் மாதிரி,
வலக்கண் சாவித்துவாரம் மாதிரி.
மூன்று பல் நினைத்தோம், ஒன்றுதான் தங்கியது.

இருட்டியதும் அகல் ஏற்றிப்
பட்டறைப் படியில் வைத்துவிட்டு
தள்ளி நின்று பார்த்தோம்.
சூடு ஏற ஏறக் காயிலிருந்து
பாதி வெந்த இனிப்பு வாசனை.

"யார் மாதிரி இருக்குது?"
"செவ்வாய்ப்பேட்டைக் கடை முதலாளி" என்றான் அகரன்.
அவர்தான் முதலில் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
மூன்று வாரக் கூலி பாக்கி
நடுவில் வந்து உட்கார்ந்தது.
அதற்கும் கொஞ்சம் இடம் விட்டோம்.

எதிர்வீட்டு மாணிக்கம் டிவிஎஸ்ஸை நிறுத்திக் காலூன்றி
"என்னங்க இது, புதுச் சாமியா?" என்றார்.
"இல்ல மாமா, காவலுக்கு" என்றாள் மிதுலா.
ஒரு கணம் யோசித்தார்.
எதற்கும் இருக்கட்டும் என்று
செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டே போனார்.

வெள்ளைப் பூசணி உள்ளே அரிசி மூட்டைமேல்
முழுசாய் உட்கார்ந்திருக்கிறது.
நாளைக்கு அரிவாள்மனை எழுந்து வரும்,
மோர்க்குழம்புக்குத் தயிர் சொல்லி வைக்கணும்.
விதைகளை முறத்தில் பரப்பியிருக்கிறேன்.
அகரன் எண்ணிக்கொண்டிருக்கிறான்,
நூற்று நாற்பதுக்கு மேல்
ஒவ்வொரு முறையும் தப்பாகிறது.