பரவிய வழி

தெபான் கார்டன்ஸில் மழை விட்ட பிற்பகல்.
நகர மன்றம் அனுப்பிய தாளில் ஒரே வரி:
தாழ்வாரச் செடிகளில் நோய், பார்த்து எழுதவும்.
என் பையில் கைவில்லை, பன்னிரண்டு உறைகள்,
ஸ்பிரிட் வாசம் போகாத கத்தரிக்கோல்.

ஐந்தாம் மாடியில் குணவதியின் கறிவேப்பிலை.
அடி இலைகளில் புள்ளிகள்,
தோசைக்கல்லிலிருந்து எண்ணெய் தெறித்ததுபோல.
நடுவில் சாம்பல், சுற்றிலும் மஞ்சள் வளையம்.
"கண்ணு பட்டிருச்சு" என்றார்.
வில்லையை வைத்தேன்.
சாம்பலுக்குள் ஊசிமுனை அளவில்
இளஞ்சிவப்பாய் ஒரு பிசுபிசுப்பு.

கொலெட்டோட்ரிக்கம்.
ஆளைவிடப் பெயர் பெரிது.
இதன் வித்துகள் காற்றில் பறக்கிற ரகமில்லை,
சொந்தப் பசையிலேயே உட்கார்ந்திருக்கும்
ஒரு மழைத்துளிக்கு
அல்லது ஒரு விரலுக்கு.
இலைக்குள் புகுந்த பிறகும் பல நாள்
மூச்சுக் காட்டாது.
இலை பச்சையாகத்தான் இருக்கும்,
குழம்பில் மணக்கும்,
கேட்டவருக்கு ஒடித்தும் கொடுக்கலாம்.

இந்தத் தாழ்வாரத்துக்குச் சாரல் வருவதில்லை.
அப்படியென்றால் விரல்தான்.

"எதிர்வீட்டிலிருந்து வந்திருக்குமோ?"
கேட்டதுதான் தாமதம்.
"அந்த மேடம் பூனோட எனக்கு
ஒட்டுமில்ல, உறவுமில்ல."
செருப்பு அலமாரி அரையடி நகர்ந்ததில் தொடங்கியதாம்,
பிறகு ஊதுபத்திப் புகை,
பிறகு யார் வீட்டுத் தண்ணீர் யார் வாசலில் என்று.
மூன்று வருஷம்.

மேடம் பூன் கதவைச் சங்கிலியோடு திறந்தார்.
செடியைக் காட்டினார், பேசவில்லை.
அதே மஞ்சள் வளையம்.
தண்டு நேராக இல்லை, அடியில் ஒரு பக்கம் வளைந்திருந்தது.
தாய்வேரிலிருந்து பெயர்த்த பக்கக்கன்று அப்படித்தான் வளரும்.
என்றோ ஒருநாள்
ஒருத்தி மண்ணோடு அள்ளிக் கொடுத்திருக்கிறாள்,
ஒருத்தி இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறாள்.
அதன் வயதைக் கணக்குப் போட்டேன்.
நான்கு இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம்.

ஏழாம் மாடி ரொஹானா மீன் கறிக்கு வேண்டுமென்றால்
கீழே இறங்கி வருவாராம்,
கத்தரிக்கோல்கூட மேடம் பூனுடையதுதான்.
ரொஹானா பத்தாமுக்குப் போகும் வாரங்களில்
பதினோராம் மாடி நர்ஸ் மரிவிக் தண்ணீர் ஊற்றுகிறாள்.
அவளிடம் கறிவேப்பிலை கிடையாது.
ஆனால் அவளுடைய மிளகாய்க் காயில்
குழி விழுந்த வட்டம்,
ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு.

தாளின் பின்பக்கம் அம்புக்குறிகள் போட்டுப் பார்த்தேன்.
மின்தூக்கிக்குள் எண்களை மட்டும் பார்த்து நிற்கும் புளோக்,
கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் கணக்கெடுத்த தாள்போல ஆகிவிட்டது.
கைராசி என்கிறார்களே,
அந்தக் கையில்தான் இதுவும் ஏறி வந்திருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்: பரவிய வழி.
பெயர்களை எழுதினால்
நாளைக்கே ஒவ்வொரு கதவிலும் ஓர் எச்சரிக்கை ஒட்டுவார்கள்,
இலை கொடுக்காதீர், வாங்காதீர்.
மழைத் தெறிப்பு என்று எழுதினேன்.
இங்கே மழை வராது என்பது
மாடி ஏறி வந்தவர்களுக்குத்தானே தெரியும்.

கடைசியாக ஒன்பதாம் மாடி.
புகார் கொடுத்தவர் இவர்தான், திரு. வடிவழகன்.
துறைமுகத்தில் இரவு வேலை பார்த்து ஓய்ந்தவர்,
படி இறங்கி நடக்கும்போது
எல்லார் செடியையும் நின்று பார்ப்பாராம்.
அவருடைய தொட்டி பேரங்காடியில் வாங்கியது,
விலைச்சீட்டு இன்னும் உரியவில்லை.
இலை இலையாகத் திருப்பினேன்.
வெயிலுக்கு எதிரே பிடித்தேன்.
முழுப் பச்சை.

"உங்க செடியில நோய் இல்லை சார்."

"ஒண்ணுமே இல்லையா?"

உறையை மூடப் போனவள்
அவர் முகத்தைப் பார்த்துவிட்டு
வில்லையைத் துடைத்தேன்,
இன்னொரு முறை
அடி இலையிலிருந்து தொடங்கினேன்.