குவின் சாலை, இரண்டு முறை

மத்தியானமே தெரிந்துவிட்டது.
மார்ச்சில் இவ்வளவு புழுக்கம் ஆகாது.
தீயணைப்பு நிலையத்துப் பின்கதவு ஊறிப்போய்
சாத்த வரவில்லை.

ஏழு மணிக்கு ரேடியோ முன் உட்கார்ந்தேன்.
பென்சில் மூன்று, கோடு போட்ட நோட்டு,
ஒலீட்டா கொடுத்தனுப்பிய சோள ரொட்டி.
எங்கே, என்ன, எந்தத் திசை. அவ்வளவுதான் பேச்சு.
இந்த அலைவரிசையில் சொந்தக் கதை கூடாது.

ஆற்றுக்கு மேற்கேயிருந்து வந்த குரல்கள் முதலில்
ஆலங்கட்டியைக் காசில் அளந்தன.
பத்து சென்ட் என்றான் ஒருவன்.
கால் டாலர் என்றாள் பள்ளி பஸ் ஓட்டும் ரமோனா.
பிறகு கோல்ஃப் பந்து. பிறகு கோழிமுட்டை.
பிறகு யாரோ "கார்க் கண்ணாடி போச்சு" என்றதோடு சரி.
அந்த அளவுக்கு எங்களிடம் காசு இல்லை.

ரேடாரில் சிவப்பு தூண்டில்முள்ளாக வளைந்தது.
முள்ளின் நுனியில் எங்கள் கவுண்டி.

8:52. சைரன்.
மூன்றில் ஒன்று ஊதாது. அதைப் பழுதுபார்க்கும் தீர்மானம்
போன வருடத்திலிருந்து யார் மேஜையிலோ கிடக்கிறது.

க்ளோவிஸ் டாட்லாக், பகலில் வீடுவீடாகக் கேஸ் நிரப்புகிறவர்,
ஹெப்ரான் தேவாலயத்துக் கல்லறை மேட்டில்
பிக்கப் வண்டிக்குள் இருந்தார்.
"கும்மிருட்டு. மின்னும்போது பார்க்கிறேன்.
மின்னல் போனதும்
பார்த்தது என்னவென்று யோசிக்கிறேன்."

கொஞ்சம் பொறுத்து:
"தரையிலிருந்து வெளிச்சம். பச்சை.
மின்னல் இல்லை இது. டிரான்ஸ்ஃபார்மர்."

இரவுச் சுழலை அப்படித்தான் பின்தொடர வேண்டும்,
அது தின்றுகொண்டே வரும் விளக்குகளை வைத்து.
பருத்தி அரவை ஆலை. எழுதினேன்.
பெத்தேல் முக்கு. எழுதினேன்.
டீசல் போடும் இடம், அதன் நெடிய விளம்பரப் பலகை. எழுதினேன்.

முள்ளின் நுனியில் ஒரு நீலப் புள்ளி பூத்தது.
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், அது மழை அல்ல.
மேலே ஏறிய பலகை, தகரம்,
யாரோ சாயங்காலம் மடித்து வைத்த துணி.

"வடகிழக்காப் போகுது. அடுத்து குவின் சாலை" என்று
ஆரம்பித்த க்ளோவிஸ் நிறுத்திக்கொண்டார்.
அந்தச் சாலையில் நாலாவது வீட்டு டேங்கை
நிரப்புகிறவர் அவர்தானே.
டெல்மாருக்கு இடது காது கேட்காது.
வலது காதைத் தலையணையில் புதைத்துத் தூங்குவான்.

பட்டனை அழுத்தினேன்.
"குவின் சாலை. குவின் சாலை. உள்ளறைக்குப் போங்கள்."

மற்ற இடங்களை ஒரு முறைதான் சொல்லியிருந்தேன்.
நான் மீறியது அவ்வளவே.

அப்புறம் க்ளோவிஸ் பேசவில்லை.
பதினோரு நிமிடம் வெறும் இரைச்சல், அதையும் எழுதினேன்.
திரும்பி வந்த குரலில் சேறு இருந்தது.
"பள்ளத்தில் கிடக்கிறேன். தொப்பி போச்சு.
கல்லறைக் கல்லெல்லாம் நிற்குது.
தேவாலயத்தைத்தான் காணோம்."

9:40க்கு அது எல்லையைத் தாண்டியது.
பக்கத்து கவுண்டிப் பெண், இளம் குரல்,
"சரி, இனி எங்களுடையது" என்றாள்.
வேகம் சொன்னேன், திசை சொன்னேன், நீலப் புள்ளியைச் சொன்னேன்.
அவள் ரொட்டியோ எதையோ மென்றுகொண்டிருந்தது
அத்தோடு நின்றது.

பத்தரைக்குப் போனில் டெல்மார்.
எதிர்வீட்டு ட்ரீவா ஸ்கேனரில் கேட்டுவிட்டு
மண்வெட்டிக் காம்பால் ஜன்னலை உடைத்து எழுப்பினாளாம்.
குளியல் தொட்டியில் இரண்டு பேர், மேலே மெத்தை,
இடையில் யாருடையதென்று தெரியாத நாய்.

"டார்ச் பேட்டரி எங்கே வைத்தாய்?" என்றான்.
"சமையலறை இழுப்பறையில்."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"அது இல்லை" என்றான்.
பேட்டரியா என்று நான் கேட்கவில்லை.

காலையில் அதிகாரி நோட்டைப் புரட்டினார்.
குவின் சாலை வரிக்கு நேரே நேரம் எழுதியிருக்கவில்லை.
"தோராயமாப் போட்டுடு" என்றார்.

நான் பென்சிலைச் சீவினேன்.
நன்றாகத்தான் கூர் இருந்தது, இருந்தாலும் சீவினேன்.